ஒரு நாளைக்கு மட்டும் ஒரு காலண்டர்

வாலிநோக்கம் உப்பளத்தில்
வாரம் ஏழு நாளும் வேலை.
அப்பா ஆறு நாள் போனார்.
ஞாயிறு வராதவனுக்குச் சனிக்கிழமையும்
பாதிதான் என்றார் கங்காணி.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.
எனக்குத் தெரிந்தது கதவு.
பச்சைக் கதவு, நடுவில் சுண்ணாம்பில்
அவர் போட்ட சிலுவை.
ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.
அளந்து போடத் தெரியாது அவருக்கு.

சேதுக்கருப்பன்
நத்தானியேல் ஆன வருஷம்
கோயில் வரி வாங்க வந்தவர்கள்
எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வாசலில் நின்றார்கள்.
அப்பா ஓடிப்போய் நீட்டினார்,
"ஊருணி தூர்வாரன்னு எழுதிக்கங்க."
எழுதவில்லை. வாங்கவுமில்லை.
பெரியப்பா வீட்டுக் கிடாவெட்டு
எங்களுக்கு வாசனையாக மட்டும் வந்தது.

பிளஸ் டூ முடித்தேன். நர்சிங் ஆசை.
சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு
வி.ஏ.ஓ. வண்டியில் வந்தார்.
நல்ல மனுஷன், அதுதான் சிக்கல்.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.
எங்கள் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.
கதவைப் பார்த்தார். என் மார்க் ஷீட்டைப் பார்த்தார்.

"அழிக்கச் சொல்லலண்ணே.
மேல ஒரு காலண்டர் மாட்டுங்க,
ஒரு நாளைக்கு மட்டும்.
பார்த்தேன்னு எழுதிடுறேன்.
மனசுக்குள்ள யாரு இருக்காங்கன்னு
சர்க்கார் கேட்கலையே."

சாயல்குடி உரக்கடைக் காலண்டரை
அம்மா அதற்குள் எடுத்து வந்திருந்தாள்.
வேலோடு சிரித்தார் முருகன்.
ஆணியும் கொண்டுவந்திருந்தாள்.

அப்பா குனிந்து
குதிகால் வெடிப்பிலிருந்த உப்பை
நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தார்.
ரொம்ப நேரம்.
பிறகு சொன்னார்,
"மதம்ங்கிற கட்டத்துல
என்ன இருக்கோ அதையே எழுதுங்க சார்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

அதே தெரு, அதே ஆட்கள்,
ஒரு சொல்லில் வேறு பட்டியல்.
டீக்கடைக்காரர் மட்டும்
எந்தப் பட்டியலையும் பார்க்காமல்
எங்களுக்கான டம்ளரை
தனியாகவே எடுத்து வைத்தார்.

இரண்டரை மார்க்கில் போனது சீட்.

கீழக்கரை ஆஸ்பத்திரியில்
இப்போது ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறேன்.
நரம்பு எங்கே கிடைக்கும் என்று
புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டுவேன்.
ஊசியை நான் தொடக் கூடாது.

என் பேர் எப்சிபா.
கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிறவர்களைக் கவனித்து
மகனுக்குக் கதிர் என்று வைத்தேன்,
எந்தப் பக்கமும் சாயாத பேர்.
வீட்டுக்காரருக்குக் காகிதத்தில் ஒரு பேர்,
ஜெபக்கூடத்தில் ஒரு பேர்.
விசாரணைக்கு வருகிறார்கள் என்றதும்
காலண்டரை நானே மாட்டினேன்.
ஆணி அடிக்கும்போது ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தேன்.
ஒன்றும் தோன்றவில்லை.

சான்றிதழ் வந்த வாரம் அப்பா வந்தார்.
காலண்டரைக் கழற்ற மறந்திருந்தேன்
(மறக்கவில்லை).
அதற்கு நேர் கீழே உட்கார்ந்து
சுக்குக் காப்பி குடித்தார்.
காகிதத்தைக் கேட்டு வாங்கினார்.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.
நாற்பது வயசில், ஒரே ஒரு புத்தகத்துக்காகக்
கற்றுக்கொண்ட எழுத்து.
விரல் கட்டம் கட்டமாக இறங்கியது.
அந்தக் கட்டத்தில் நின்றது.

நான் தயாராக இருந்தேன்.
பதினாறு வருஷச் சண்டை,
ஒரு வரி விடாமல் மனப்பாடம்.

"உப்புக்காத்துல காகிதம்
நஞ்சுபோயிரும்" என்றார்.
பைக்குள்ளிருந்து பைபிளை எடுத்து
நடுவில் விரித்து
என் பொய்யை
மடிப்பு விழாமல் உள்ளே வைத்து
மூடினார்.

"ஃபீஸ் கட்டுறப்ப
வந்து வாங்கிக்க."