ஒரு நாள் வாடகை

விடுதிக்காரி கொடுத்த தாளில் பதினொரு இடம்.
மோல்மீனில் ஒன்பது மணிக்கே வெயில் அடித்துப் போட்டது.
என் மூன்று சக்கர வண்டியைச் சுற்றிவந்து
பிரேக் பிடிக்குமா என்று கேட்ட
முதல் சுற்றுலாக்காரி நீங்கள்தான்.
பிடிக்கும், நேரம் எடுக்கும் என்றேன்.

லைசென்ஸில் நான் மவுங் தான் ஸின்.
கண்ணாடியில் தொங்கிய பித்தளை வேலைப் பார்த்துவிட்டு
"வீட்ல?" என்றீர்கள் தமிழில்.
வீட்டில் தெய்வசிகாமணி.
ஒரு பெயருக்கு பெட்ரோல் போட்டால்
இரண்டும் ஓடும்.

முதலில் குன்று.
லிஃப்ட் பழுது. செருப்பைக் கையில் பிடித்துப்
படியேறி, தங்கக் கோபுரத்தை வலம்வந்தால்
கீழே மூன்று ஆறு சேர்வது தெரியும்.
எந்த ஆறு எது என்று கேட்டீர்கள்.
சேர்ந்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது.

அடுத்து முதோன் பக்கம்
படுத்திருக்கும் புத்தர்.
ஒரு தெரு நீளம். வயிற்றுக்குள் அறைகள்,
அறைகளில் நரகத்துப் பொம்மைகள்,
சிமெண்ட் மூட்டை, பாதி பூசிய சுவர்.
"எப்ப முடியும்?"
நான் பள்ளிக்கூடம் போகையில் தொடங்கியது.
இப்போது என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம்.

பாலம் தாண்டி அரக்கர் தீவு.
பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.
அரக்கர்கள் அங்கே
சிலேட்டுக்குச் சட்டம் அடிக்கிறார்கள்,
ரப்பர் பேண்டைக் கொடியில் காயப்போடுகிறார்கள்.
ஆறு சிலேட்டு வாங்கினீர்கள்.
யாருக்கு என்றேன்.
"தெரியல."

சாப்பாட்டுக்கு அத்தோ கேட்டீர்கள்.
சென்னையில் பீச் ஸ்டேஷன் எதிரே
நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறீர்களாம்:
ஆரஞ்சு நூடுல்ஸ், கீறின முட்டை, வாழைத்தண்டு சூப்பு.
எனக்குச் சிரிப்பு.
இங்கே கையால் பிசைந்தது எல்லாமே அத்தோக்.
இஞ்சி அத்தோக், தேயிலை அத்தோக், பம்பளிமாஸ் அத்தோக்.
கப்பலேறிப் போன எங்கள் ஆட்கள்
அங்கே எதையோ பிசைந்து
பெயரை மட்டும் பாதியில் விட்டிருக்கிறார்கள்.

தாளில் ஏழாவது, ஆற்று நடுவில்
ஒரு கைக்குட்டை அளவுத் தீவு.
தோணியில் பத்து நிமிடம்.
பழைய ராஜாக்களின் சடங்குக்கு
இங்கிருந்துதான் தண்ணீர் போனதாம்.
பெயருக்கு என்ன அர்த்தம் என்றீர்கள்.
யோசிக்காமல் தமிழில் சொன்னேன்:
"தலைமுழுகுற தீவு."

சிரித்தீர்கள்.
கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.
தோணிக்காரன் என்னைப் பார்த்தான்,
நான் என்னமோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல.
கரையேறியதும் கேமராவையும் கைப்பையையும்
என்னிடம் நீட்டிவிட்டு
ரோஸ் அங்கி பிக்குணியிடம்
தகரக் குவளை வாங்கினீர்கள்.

ஒரு குவளை.
சுடிதார் தோளோடு ஒட்டியது.
இரண்டு.
மூன்றாவதை ஊற்றும்போது ஒரு பெயர் சொன்னீர்கள்.
ஆள் பெயரா, ஊர்ப் பெயரா, கம்பெனிப் பெயரா,
தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லை.
நான் நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தத் தீவில் நாய்கள் அதிகம்.
பிக்குணி ஒரு துண்டு கொண்டுவந்தாள்.
காசு கொடுத்தீர்கள், வாங்கவில்லை.
சிலேட்டு ஆறையும் கொடுத்தீர்கள்.
அதை வாங்கிக்கொண்டாள்.

இன்னும் நாலு இடம் பாக்கி.
தாள் நனைந்து மை ஓடிவிட்டது.
மியூசியம் இருக்கிறது, பழைய தேவாலயம் இருக்கிறது என்றேன்.
"இருக்கட்டும்" என்றீர்கள்.
ஸ்டிராண்ட் ரோட்டில் ஆற்றுச் சுவர்மேல் உட்கார்ந்து
இரண்டு கிளாஸ் கரும்புச்சாறு,
தலை காய்கிறவரைக்கும்.
எதிர்க்கரையில் மொட்டமா விளக்குகள்
ஒவ்வொன்றாக வந்தன.

முப்பத்தைந்தாயிரம் க்யாட் பேசினோம்.
நாற்பது கொடுத்தீர்கள்.
மீதியை நீட்டினேன்.
"பிரேக்கைப் பாருங்க முதல்ல."

மறுநாள் ஒரு ஆஸ்திரேலிய ஜோடி.
அதே தாள், அதே ஏழாவது இடம்.
பெயருக்கு அர்த்தம் கேட்டார்கள்.
ஷாம்பு என்றேன்.
நன்றாகச் சிரித்தார்கள்.
இருபது படம் எடுத்துக்கொண்டு
அதே தோணியில் திரும்பிவிட்டார்கள்.