குளிர்காலச் சேணம்

பெரிய கிட்டாரை விற்ற பணம்
என் பிக்கப்பின் பின் டயர் இரண்டுக்குச் சரியாகப் போயிற்று.
வருத்தமில்லை.
அதை மடியில் வைத்தால் அலமாரியைக் கட்டிக்கொண்டு
உட்கார்ந்த மாதிரி. வலது தோள்
அதன் விளிம்பில் ஏறி இறங்கும்போது
எனக்கு மட்டும் கேட்கும் ஒரு நறநற.
சுவருக்கு அந்தப் பக்கம் மார்வா ஹவ்கன்,
இரவெல்லாம் ஆஸ்பத்திரி, பகலெல்லாம் தூக்கம்;
மூன்று தட்டு தட்டுவாள்.
டுலூத்தில் மூன்று தட்டுக்கு ஒரே பொருள்தான்.

சின்னது அடகுக்கடையில் கிடைத்தது.
பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும்
ஐஸ் துளைக்கும் கருவிக்கும் நடுவில்,
விலைச்சீட்டு கழுத்தில் தொங்க.
யார் செய்ததென்று உள்ளே ஒட்டிய தாளை
எதுவோ தின்றிருந்தது. வயிற்றில் ஒரு விரிசல்,
ஒட்டுப்போட்டவர் அவசரக்காரர்.
நூற்று நாற்பது டாலர்.
"பிள்ளைக்கா?" என்றான் கடைக்காரன்.
"எனக்கு" என்றேன்.
ஐம்பத்து மூன்று வயது வெர்னா லாஹ்தியின் பெயரை
ரசீதில் முழுசாக எழுதச் சொன்னேன்.

அது ஆகஸ்ட். ஏரி மூச்சு விட்டால்
ஜன்னல் சட்டங்கள் புடைக்கும் மாதம்.
பன்னிரண்டாம் மெட்டின் மேல் கம்பிகள்
இரண்டு காசு அடுக்கி நுழைக்கும் உயரத்தில்.
அழுத்தினால் விரல்நுனியில் விழும் பள்ளம்
சாப்பாட்டு நேரம் வரை போகாது.
கம்பிகளைத் தளர்த்தி
குதிரையின் முதுகிலிருந்து சேணத்தை உருவினேன்:
நகம்போல் மஞ்சளித்த எலும்பு, சுண்டுவிரல் நீளம்.
அடியில் பென்சிலால் ஒரு கோடு.
மேசைமேல் கண்ணாடித் துண்டு, அதன்மேல் உப்புத்தாள்.

நான் நகராட்சியின் உப்பு லாரி ஓட்டுகிறவள்.
குளிர்காலம் முழுக்கச் சாலைக்கு உப்புப் போட்டவள்
கோடையில் உப்புத்தாளோடு உட்கார்ந்தால்
சிரிப்பு வராதா?
தேய்த்தேன். ஊதினேன். பொருத்திப் பார்த்தேன்.
கழற்றித் தேய்த்தேன். பல் மருத்துவர் அறை வாசனை.
கோடு தீர்ந்ததும் நிறுத்தியிருக்கலாம்.
இன்னும் நாலு இழுப்பு இழுத்தேன்.
அந்த நாலு எதற்கு என்று கேட்காதீர்கள்,
கை சுகமாக இருந்தது.

செப்டம்பர், அக்டோபர்: வெண்ணெயில் கத்தி.
மார்வா தட்டவே இல்லை.

ஜனவரியில் அறையின் ஈரத்தையெல்லாம்
ஹீட்டர் உறிஞ்சிவிட்டது.
கிட்டாரின் வயிறு ஒட்டியது, கம்பிகள் இறங்கின,
ஆறாம் கம்பியைத் தொட்டால்
ஜாடிக்குள் மாட்டிய ஈ.
துளையிட்ட சோப்புப் பெட்டியில்
ஈரப் பஞ்சு வைத்து உள்ளே விட்டேன்.
நானே தண்ணீர் குடிக்க மறக்கிற நாட்களில்
அதற்குத் தவறாமல் ஊற்றினேன்.
கொஞ்சம் தேறியது. ஈ சாகவில்லை.
புது எலும்பு வாங்கலாம்தான்;
வெளியே பதினொரு அங்குலம் பனி,
அதை அள்ளுகிறவளும் நானே.

பர்ஸில் காலாவதியான மீன்பிடி அட்டை.
போன வருடம் முழுக்க அதை வைத்துக்கொண்டு
நான் பிடித்தது ஒரு சளி.
சேணத்தின் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டினேன்;
கத்தரி என் பெயரின் நடுவில் ஓடியது.
எலும்புக்கு அடியில் படுக்கவைத்துக்
கம்பிகளை ஏற்றினேன்.
ஆறாவது தொண்டையைச் செருமிக்கொண்டு
ஈ இல்லாமல் பேசியது.
மற்ற ஐந்தும் கொஞ்சம் மந்தம்.
பிளாஸ்டிக் வழியாகப் பேசினால்
யார்தான் தெளிவாகப் பேசுவார்கள்.

அன்று காலை ஷிஃப்ட் முடிந்து,
பூட்ஸ்கூடக் கழற்றாமல்
ஒரு மணி நேரம் வாசித்திருப்பேன்.
நிறுத்தினேன்.
சுவரில் ஒரு தட்டு.
ஒன்றே ஒன்று.
ஒரு தட்டுக்கு இந்தக் கட்டடத்தில்
பொருள் எதுவும் கிடையாது.
கம்பிமேல் கையை வைத்தபடி
இரண்டாவதுக்குக் காத்திருந்தேன்.
ஹீட்டர் டிக் டிக் என்றது.

ஜூனில் கீற்றை எடுத்துவிட வேண்டும்;
சோப்புப் பெட்டி மூடியில்
எழுதி ஒட்டியிருக்கிறேன்.