காணாமற்போன விதம்

பர்ஸ் விழுந்தது சத்தமில்லாமல்.
பாதைக்காரனுக்கு இருபது ரூபாய் எடுக்கக் குனிந்தேன்,
சந்திவெளிக்கும் திகிலிவெட்டைக்கும் நடுவில்
ஆறு வாங்கிக்கொண்டது.
நூற்றிப் பத்து ரூபாய், கிளினிக் துண்டு,
பிள்ளையார் படம் ஒன்று,
நான்.

கரையில் வலை உதறிய பொடியன் சொன்னான்:
இனி இறால் வோட்டுப் போடும் அன்ரி.
சிரித்தேன். வேறென்ன செய்ய.
செவ்வாய்க்கிழமை வங்கியில் அஸ்வெசுமக் காசு,
அட்டையில்லாமல் கிட்டவும் எடுக்க மாட்டார்கள்.

பொலிசில் எழுதினவன் நல்லவன்,
இருக்கச் சொன்னான்.
எப்படிக் காணாமற்போனது?
பாதையில் என்றேன்.
ரோட்டிலயா?
இல்லை, தண்ணியில் போற பாதை.
பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தான்,
மறுகா என்னவோ சிங்களத்தில் எழுதினான்.
கையெழுத்து வைத்தேன்.
முந்தியும் ஒருக்கா வைத்திருக்கிறேன்,
வாசிக்கத் தெரியாத பக்கத்தில்,
இதே சொல்லுக்கு.

ஜி.எஸ். பிள்ளை நிரோஜினி கேட்டாள்,
நம்பர் ஞாபகமா அக்கா?
எழுபத்து மூன்று, ஐந்நூற்று நாற்பத்தேழு,
அதற்குமேல் வாயில் வரவில்லை.
அவள் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
பெப்ரவரி பதினாறு
வருசத்தில் நாற்பத்தேழாம் நாள்,
பொம்பிளை என்றால் ஐந்நூறு கூட்டுவார்கள்.
எனக்குத் தெரியாது.
இத்தனை வருசம் என்னோடு ஒரு ஐந்நூறு இருந்திருக்கிறது,
ஒரு நாள் கடைக்கும் உதவவில்லை.

பிறப்புச் சாட்சிப் பத்திரம்?
அது பெருவெள்ளத்தில் கூழாகிப் போச்சு.
கொப்பியாவது? யோசித்துப் பாருங்க,
எங்கேயாவது கொடுத்திருப்பீங்க.

கொடுத்திருந்தேன்.

மட்டக்களப்பில் சங்கத்து அறை,
இரும்பு அலுமாரி,
திறப்பு ரீற்றா அக்காவின் கழுத்துச் சங்கிலியில்.
கோப்பு மட்டையில் அண்ணன்ட பெயர்.
திறந்தால் அவன், பத்தொன்பது வயதில்,
மீசைக்கு மை தீட்டிக்கொண்டு எடுத்த படம்.
அடுத்த தாளில் மனுதாரர், உறவுமுறை தங்கச்சி,
தம்பிமுத்து கோமளேஸ்வரி.
அதன்கீழ் என்ட அட்டையின் கொப்பி, முன்னும் பின்னும்,
பிறப்புச் சாட்சியும், முத்திரை மங்காமல்.
அவனைத் தேடச்சொல்லிக் கொடுத்த கட்டுக்குள்
நான்தான் பத்திரமாக இருந்தேன்.
ரீற்றா அக்கா தூசி தட்டி என்னை எடுத்துத் தந்தா.

மூன்றாம் பக்கத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.
உடுத்திருந்தது, நீலச் சாரம்.
கையில் இருந்தவை என்ற இடத்தில்
என்ட குண்டு எழுத்து:
அடையாள அட்டை.

வளவுக்குள்ளிருந்து வெறுங்கையோடுதான் கூட்டிப்போனார்கள்.
அட்டையைக் கேட்பார்களே என்று
அம்மா கொட்டப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடி
ஒழுங்கைமுனை வரை ஓடிப்போய்க் கொடுத்தவ.

ஸ்ருடியோவில் தோட்டைக் கழற்றச் சொன்னான்.
காது தெரிய வேணும், சிரிக்கக் கூடாது.
சிரிக்கவில்லை என்றேன்.
இல்லை அன்ரி, வாய் அப்படித்தான் கிடக்கு என்றான்,
மூன்று தரம் எடுத்தான்.

நிரோஜினி கடுதாசிகளைப் புரட்டினாள்,
ஒவ்வொன்றிலும் சின்னதாகச் சரி போட்டாள்.
கடைசித் தாளில் கை நின்றது.
கொப்பிக் கடைக்காரன் கவனிக்காமல்
மூன்றாம் பக்கத்தையும் அடித்திருக்கிறான்.
இது உங்கட இல்லை அக்கா, என்று நீட்டினாள்.

என்டதான் பிள்ளை.

ஒரு மாதம் ஆகுமாம்.
பர்ஸ் இன்னும் வாங்கவில்லை.
தாளை நாலாக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு
பாதையில் ஏறினேன்,
இருபது ரூபாயை
மற்றக் கையில் வைத்துக்கொண்டு.