பன்னிரண்டு பதினேழு

செம்பனை ஆலையில் ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதி
கால்மணி நேரத்துக்குள்
என் முழங்கை விழித்துக்கொள்ளும்.
அப்புறம் மற்ற முழங்கை.
அப்புறம் முட்டி, அப்புறம் உட்காருகிற இடம்.
அதை கிளினிக்கில் ஆண் நர்சிடம் எப்படிச் சொல்ல?

"எலி சாக்கைக் கடிக்கிற மாதிரி இருக்கு, தவமணி"
என்று குணாளன் திரும்பிப் படுப்பார்.

முதல் பழி மெத்தைக்கு.
வெயிலில் போட்டோம், கொதிநீர் ஊற்றினோம்.
மூன்று நாள் குற்றவாளியாய்க் கிடந்தது.
ஒரு மூட்டைப்பூச்சிகூட வாக்குமூலம் தரவில்லை.

பிறகு அவர் சட்டை.
ஆறாம் பிளாக்கில் களைக்கொல்லி அடிக்கிறவர்.
தனி வாளி, தனிச் சவுக்காரம், தனிக் கொடி.
மருந்தில் குளிக்கிற அவர் தோல் மட்டும்
பச்சைப் பிள்ளைத் தோல்.
எரிச்சலாக இருந்தது.

பிறகு கத்தரிக்காய். கருவாடு. இறால்.
நாக்கைக் கட்டினேன்,
நகம் கட்டுப்படவில்லை.

சிரங்கு என்றார்கள் டவுன் கிளினிக்கில்.
ஐந்து பேரும் கழுத்திலிருந்து கால்விரல்வரை
வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு
ஒரு சனிக்கிழமை ராத்திரி
பேய்க் குடும்பமாய் டிவி பார்த்தோம்.
சின்னவள் சிரித்துச் சிரித்து விக்கினாள்.
அவர்கள் நாலு பேருக்கும் ஊறல் வந்ததே இல்லை.
எனக்கு அன்றைக்கும் பன்னிரண்டு பதினேழு.

சர்க்கரை இல்லை.
கிட்னி, ஈரல், தைராய்டு
காகிதத்தில் எல்லாம் நல்ல பிள்ளைகள்.
இரத்தத்தில் இரும்பு மட்டும் குறைவு, காரணம் தெரியாது.
"மனசுல ஏதாவது கவலையா?"
மனசு நகம் எட்டுகிற இடத்திலா இருக்கிறது?
கேட்கவில்லை.
மாத்திரை வாங்கி வந்து
தூங்கிக்கொண்டே சொறிந்தேன்.

கிள்ளானில் டாக்டர் நோராஸ்லினா,
என் மூத்தவள் வயசுதான் இருக்கும்,
இரண்டு கையையும் மேசைமேல் வைக்கச் சொன்னாள்.
"பாருங்க காக், ரெண்டு பக்கமும் ஒரே இடம்."
கண்ணாடியில் பார்த்து வரைந்ததுபோல.
நான் ஒருநாளும் இரண்டையும்
சேர்த்துப் பார்த்ததில்லை,
ஒன்று எப்போதும் மற்றதைச் சொறிந்துகொண்டிருக்கும்.

என்ன சாப்பிடுவீங்க என்றாள்.
சிரித்துவிட்டேன்.
பதினாறு வருஷமாய் ரொட்டி சானாய் கடை.
விடிகாலை நாலு மணிக்கு மாவு.
கிழிந்த ரொட்டி எனக்குக் காலைச் சாப்பாடு,
விற்காத ரொட்டி மதியத்துக்கு.

சீலியாக் என்று எழுதிக் காட்டினாள்.
கோதுமையில் இருக்கிற ஏதோ ஒன்றைக்
குடல் பகையாக எடுத்துக்கொள்ளுமாம்.
சிலருக்கு அந்தப் பகை தோல்வழி ஏறி வருமாம்.
மாவைத் தொட்டதால் இல்லை, தின்றதால்.
நம்ம பக்கம் அபூர்வம், இல்லாமலும் போகலாம்,
தோலில் ஒரு துணுக்கு, ரத்தத்தில் ஒரு குழாய்
எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்போ இன்றைக்கே நிறுத்திடறேன் என்றேன்.
"நிறுத்தாதீங்க. சோதனை முடியிறவரைக்கும் சாப்பிடுங்க.
இப்போ நிறுத்தினா ரத்தம் பொய் சொல்லும்."
தேதி அடுத்த மாதம் பத்தொன்பது.

எங்கள் ஊருக்கும் பெயர் மாற்றினார்கள்.
பலகையில் பெஸ்தாரி ஜெயா.
பஸ்ஸில் ஏறி நான் கேட்பது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.
ஊறல் என்றாலும் சீலியாக் என்றாலும்
இறங்குகிற இடம் என் முழங்கை.
ஆனாலும் கிள்ளானிலிருந்து வரும் வழியெல்லாம்
அந்தத் தாளை மடிக்காமல் பிடித்திருந்தேன்.

குணாளன் ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் அடுக்களையில்
துருப்பிடித்த இடியாப்ப அச்சு
புளி போட்டுத் தேய்த்துக் காய வைத்திருந்தது.

இன்று காலை மாவை வீசினேன்.
விரிகிற ஒவ்வொரு ரொட்டிக்குள்ளும்
டியூப் லைட் ஒருகணம் மங்கலாய்த் தெரிந்தது.
பருப்புக் குழம்பில் தோய்த்து ஒன்று தின்றேன்,
டாக்டர் சொன்னதற்காக.
இன்னொன்று
யாரும் சொல்லாமல்.
மூன்றாவது மேசையிலிருந்து ஆலைக்காரப் பையன்
"அக்கா, ரெண்டு கோசோங், ஒரு தெலோர்" என்றான்.
கையைக் கழுவிக்கொண்டு போனேன்.