ஆயுள் உத்தரவாதம்

நூற்றெண்பத்தொன்பது டாலர். வரி தனி.
இந்த விலைக்கு வேறென்ன எதிர்பார்த்தீர்கள் என்று
நான் யாரையும் கேட்டதில்லை.
கேட்கக் கூடாதென்று சுவரில் ஒட்டியிருக்கிறது.

ஒஹாயோவில், மக்காச்சோளக் கொல்லை முடியும் இடத்தில்
எங்கள் ரிவால்வர் தொழிற்சாலை.
பழுதுப் பிரிவு பின்கட்டில்.
காலையில் போன், மதியத்துக்கு மேல் அரம்.
இரண்டுக்கும் ஒரே ஆள், நான்.
மலிவு என்பது இதையும் சேர்த்துத்தான்.

நெப்ராஸ்காவிலிருந்து ஆர்லோ வீப் கூப்பிடுகிறார்:
சிலிண்டர் பூட்டிக்கொள்ளவில்லையாம்,
திருவிழா ராட்டினம் மாதிரி
தன்பாட்டுக்குச் சுற்றுகிறதாம்.
ஒக்லஹோமாவின் டெல்ஃபா ரைஸுக்குக்
குறிமுள் கோணல்.
எலிக்கு வைத்த குறி
டீசல் தொட்டியில் பட்டதாம்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.
சிரித்து முடித்ததும்
தபால் செலவு யாருடையது என்றாள்.
எங்களுடையது, அம்மா.

நல்லதாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்பவர்கள் உண்டு.
நல்லது ஆயிரம் டாலர்.
டெல்ஃபாவின் டிரெய்லருக்கு அது இரண்டு மாத வாடகை.
பாம்பு விலைச்சீட்டு பார்த்தா கடிக்கிறது?

உண்மையைச் சொல்கிறேன், சம்பளம் வாங்கும் வாயால்:
பத்தில் ஏழு ஒழுங்காகவே சுடும்.
இரண்டு ஒருமுறை என் மேசைக்கு வந்து
திருந்திப் போகும்.
மிச்சம் ஒன்று
வட்டிக்காரன் போல
வந்துகொண்டேயிருக்கும்.

எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று:
ஆயுள் உத்தரவாதம் என்கிறீர்களே,
யாருடைய ஆயுள்?
துப்பாக்கியுடையதா, கம்பெனியுடையதா?
வாங்கியவருடையது என்கிறது விதி.
பதினோரு வருடமாக
மூச்சுவிடாமல் ஒப்பித்து வந்தேன்.

நவம்பரில் ஒரு பெட்டி.
மிச்சிகனின் வடகோடி, ஏரிக்கு அப்புறம்,
அனுப்பியவர் ஐனா கோஸ்கெலா.
பழுது என்னும் கட்டத்தில்
‘அடித்தது, வெடிக்கவில்லை’.
எப்போது என்னும் கட்டத்தில் ஒன்றுமில்லை.
கூடவே ஒற்றைத் தோட்டா,
ஊறுகாய் பாட்டில் மூடிக்குள் டேப் ஒட்டி.
பின்பக்கத்தில் ஊசிமுனை தொட்ட தடம்,
அம்மைத் தழும்பளவு கூட ஆழமில்லை.

வழக்கம்போல் போன் செய்தேன்.
வழக்கம்போல் சொன்னேன்: ஆறு வாரம் ஆகும்.
மறுமுனையில் கெட்டில் கூவுவது கேட்டது.
யாரும் அதை அணைக்கவில்லை.

‘ஆறு வாரம்தானா?’

இந்தக் கேள்வியை எல்லாரும் ஏறும் குரலில் கேட்பார்கள்.
அவள் இறங்கும் குரலில் கேட்டாள்.

‘இங்கே பனி உருக மே ஆகிவிடும்.
துப்பாக்கி என் பையனுடையது.
நரிக்கு என்றுதான் வாங்கினான்.
நரியெல்லாம் இப்போது வருவதில்லை.
நான் அனுப்பியது அவனுக்குத் தெரியும்.
எப்போது வரும் என்று தினமும் கேட்கிறான்.’

கெட்டில் நின்றது.
யாரோ எழுந்து வந்திருக்க வேண்டும்.
அவள் குரல் சட்டென்று கடைக்காரி குரலாயிற்று:
‘அப்படியா, பாகம் கையிருப்பில் இல்லையா?’

இல்லை, அம்மா, என்றேன்.
எப்போது வருமென்று
சொல்ல முடியாது.

அன்றிலிருந்து மாதம் இருமுறை அவனே கூப்பிடுகிறான்.
முதலில் வசை.
பிறகு வசையோடு வானிலை.
பிப்ரவரியில், ஏரி உறைந்து
மீன் துளை போட்ட கதை, இருபது நிமிடம்.
உங்கள் கம்பெனி மாதிரி கேடுகெட்ட கம்பெனி
உலகத்தில் கிடையாது என்று முடித்தான்.
ஆமாம் ஐயா, என்றேன்.
அடுத்த வாரம் கூப்பிடுங்கள்.

மேலாளர் மாதக் கணக்கில் சிவப்பு மை வைத்திருக்கிறார்,
கோஸ்கெலா பெயருக்கு எதிரே:
நூற்று நாற்பத்து மூன்று நாள்.
இந்தப் பிரிவின் சரித்திரத்திலேயே
மோசமான சேவை.
விளக்கம் கேட்டிருக்கிறார். எழுத வேண்டும்.

சுத்தியல் வில் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.
ஐந்து நிமிட வேலை.
வந்த மறுநாளே, கை சும்மா இராமல்,
மாற்றிவிட்டேன்.
பதினான்காம் அடுக்கில் இருக்கிறது,
எண்ணெய் போட்டு, துணி சுற்றி.
நூற்றெண்பத்தொன்பது டாலருக்கு
இத்தனை கச்சிதமாகப் பூட்டும் ஒன்றை
நான் பார்த்ததில்லை.