தன்மைப் பன்மை

சித்தையா ரோட்டில் காலையிலிருந்தே மழை.
குடும்ப நீதிமன்றத்தின் மூன்றாம் மாடியில்
சுவரோரம் சாத்திய குடைகள்
ஒன்றின்மேல் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தன,
எது மனுதாரருடையது எது எதிர்மனுதாரருடையது
என்று தெரியாமல்.

நீதிபதிக்குக் கன்னடம். எனக்கு இரண்டும்.
ஷெரினுக்கு ஒன்பது வயது.
பள்ளியில் கன்னடம் படிக்கிறாள்தான்,
ஆனால் அறைக்குள் காலை வைத்ததும்
அது எங்கோ போய்விட்டது.
தம்பியைத் தனியே விட்டால் அழுகிறான்.
அவனும் இருக்கட்டும் என்றார் நீதிபதி,
கறுப்பு கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினார்.

யாரும் எதுவும் கேட்பதற்கு முன்
எழுந்து நின்று அவள் சொன்னாள்:
"நான் என் தாயாருடன் வசிக்க விரும்புகிறேன்."

விரும்புகிறேன்.
ஒரு எழுத்தும் சிந்தாமல்,
ஒப்புவித்தல் போட்டி மேடையில்போல.
லிங்கராஜபுரத்தில் எந்தப் பிள்ளை
எதை விரும்புகிறது?
அங்கே ஐஸ்கிரீம்கூட "வேணும்"தான்.

கன்னடத்தில் சொன்னேன்.
சொன்னதும் அது சாதாரண வாக்கியமாகிவிட்டது,
யார் வீட்டுப் பிள்ளையும் சொல்லக்கூடியது.
சுருக்கெழுத்தாளர் தட்டினார்.

பாடம் பண்ணியது ஐயா என்று
நான் சொல்லியிருக்கலாம்.
ஆனால் பாடம் பண்ணியதெல்லாம் பொய்யா?
ராத்திரி படுக்கப்போகும் முன் அவள் சொல்லும் ஜெபமும்
பாடம்தான்.

அப்புறம் உட்காரச் சொன்னார்.
நாற்காலி உயரம், கால் எட்டவில்லை.
காலை ஆட்ட ஆரம்பித்ததும்
பேச்சும் கொஞ்சம் ஆடி அசைந்து வந்தது.
எங்க வீட்ல மாடில பூனை குட்டி போட்டிருக்கு.
அது அம்மா வீடு.
எங்க வீட்ல லிஃப்ட் இருக்கு, பதினோராவது மாடி.
அது அப்பா வீடு.
எங்க, எங்க.
எதிரில் உட்கார்ந்திருக்கும் என்னை
வாசலுக்கு வெளியே நிறுத்திச் சொல்லும் "எங்க".
சரிதானே, நான் யார்?

மின்விசிறி க்ரீச்சென்று ஒரு சுற்றுக்கு ஒருமுறை இழுத்தது.
அவள் சட்டென்று தம்பி பக்கம் திரும்பினாள்:
"டேய், நம்ம வீட்டு ஃபேன் மாதிரியே கத்துது பாரு."

நம்ம.

எந்த வீடு என்று அவன் கேட்கவில்லை.
நாலு வயதில் அவனுக்கு என்ன நினைவிருக்கும்,
ஆனாலும் தலையாட்டினான்.
எனக்குத் தெரியும், கோப்பில் இருக்கிறது:
கெத்தலஹள்ளி, இரண்டாம் குறுக்குத் தெரு, வாடகை வீடு,
இரண்டு வருஷம் முன்பு ஜனவரியில் காலி செய்தது.
அட்வான்ஸ் பணம் யாருக்கு என்பது
தனி வழக்கு.

"ஏனு ஹேளிதளு?" என்றார் நீதிபதி.

கன்னடத்தில் எங்களும் நம்மும் ஒரே சொல்.
பூனை வீடும் லிஃப்ட் வீடும்
இல்லாத அந்த வீடும்
ஒரே கதவு வழியாக
ஒரே பக்கத்துக்குள் போகும்.

ஃபேன் சத்தம் போடுதாம் சார், என்றேன்.
அதில் ஒரு பொய்யும் இல்லை.
அவர் ரெகுலேட்டரைக் குறைத்தார்.
பதினெட்டு வருஷ வேலையில்
அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை,
ஆனால் அது பதிவுக்குரியதல்ல.

கிளம்பும்போது ஷெரின் கேட்டாள்:
"நான் பேசுனத வெளிய சொல்லுவீங்களா?"
உறை ஒட்டி முத்திரை வைப்போம் என்றேன்.
"அரக்கு வெச்சா?"
அரக்கு வைத்துதான்.
ஒருமாதிரி திருப்தியானாள்.

மேஜைமேல் டாஃபி ஜாடி,
வருஷக் கணக்கில் வெளுத்துப்போன சரிகைத் தாள்.
எடுத்துக்கோ என்று அவர் தள்ளினார்.
தம்பிக்கு ஒன்று, தனக்கு ஒன்று.
கதவுவரை போனவள் திரும்பி வந்தாள்.
"நாலு எடுத்துக்கலாமா?"

நான் வாய் திறப்பதற்குள்
நீதிபதி ஜாடியை இன்னும் நகர்த்தினார்.
சுருக்கெழுத்தாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார்,
இதையும் தட்டவா என்று.

யாரும் பதில் சொல்லவில்லை.
வெளியே தவாலி
அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.