கொடியில் கிடந்த துணி

இந்த மாதத்தில் மட்டும்
முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை செத்திருக்கிறேன்.
எபேன் ஆபீசில் அடுத்த மேசை அன்பநாதன்
இருநூற்றெண்பதுதான்.
அதில் அவனுக்கு ஒரு பெருமை,
குறைவாகச் சாவது திறமையாம்.
குறைவாகச் செத்தவன்
குறைவாகத்தான் பார்த்திருப்பான் என்பேன் நான்.

அம்புக்குறி காட்டும் விளையாட்டு எனக்கு ஆகாது.
இங்கே போ, இதை எடு, சபாஷ் என்று
மூன்று நிமிடத்துக்கொரு தரம் முதுகில் தட்ட
ஏற்கெனவே ஒரு மேலாளர் இருக்கிறார்.
பெரிய கம்பெனிகளின் பளபளப்பான மலைகளில்
ஏறித்தான் இருக்கிறேன்.
புல் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆடும்.
ஒரு புல்லுக்கும் என்மேல் சந்தேகம் கிடையாது.

என்னைச் சந்தேகப்படும் விளையாட்டு வேண்டும்.
யாரோ ஒருவர், மிஞ்சினால் இருவர்,
சம்பள வேலை முடிந்த ராத்திரிகளில்
கிறுக்குப் பிடித்துச் செய்தது.
அப்படி ஒன்றில்
குதிக்கத் தெரியாத தவளை.
விழுந்து விழுந்தே மேலே போகவேண்டும்.
எப்படி என்று கேட்காதீர்கள், வாங்கி விளையாடுங்கள்.
இன்னொன்றில் நான் ஒரு எழுத்துப்பிழை.
திருத்துகிறவர் வருவதற்குள்
பக்கத்தின் மறுகரைக்கு ஓடிவிட வேண்டும்.
அதை முடித்த மறுநாள்
வாடிக்கையாளர் கடிதத்தில் ஒரு பிழையைப் பார்த்தும்
திருத்தாமல் அனுப்பினேன்.
பிழைத்துப் போகட்டும்.

கடினம் வேறு, வஞ்சம் வேறு.
கடினம் கொன்றுவிட்டு
ஏன் என்று காட்டும்.
கண்ணுக்குத் தெரியாத ஆணியை நட்டுவிட்டு
அதற்குக் கலை என்று பேர் வைத்தவனை
நான் இன்னும் மன்னிக்கவில்லை.
நானூறு ரூபாயும் திரும்பி வரவில்லை.

இப்போது இந்தக் கதவு.
நாலுக்கு நாலு அறை, ஒரு விளக்கு.
சாவி இல்லை, துவாரம் இல்லை.
எந்தப் பொத்தானை அழுத்தினாலும்
விளக்கு ஒரு துளி மங்கும்.
முழுக்க மங்கினால் சாவு.
மூன்று வாரம்.
மெல்ல அழுத்தினேன், வேகமாக அழுத்தினேன்,
காவடி ஊர்வலத்தில் கேட்ட மேள அடியை
ஞாபகப்படுத்தி அழுத்தினேன்.
அன்பநாதன் நோட்டில் கட்டம் போட்டு
நூற்றுப்பத்து வரிசைகளை அடித்துவிட்டான்.
அந்த நோட்டை இழுப்பறையில் பூட்டி வைக்கிறான்,
என்னிடமிருந்துதான்.

ஞாயிற்றுக்கிழமை.
க்யூர்பிப்பில் வெயில் என்பது ஒரு வதந்தி.
நம்பித் துணி காயப்போட்டது என் தப்பு.
இரண்டு மணிக்குப் பிடித்தது மழை.
கன்ட்ரோலரை மெத்தையில் எறிந்துவிட்டு
மொட்டைமாடிக்கு ஓடினேன்.
இரண்டு போர்வை, நாலு சட்டை,
கணவரின் ஒற்றைக் காலுறை மட்டும்
பக்கத்து வீட்டுத் தகரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.
துடைப்பக் கட்டையால் எட்டி இழுக்க
அதற்கும் மூன்று முயற்சி.

கீழே வந்தால்
கதவு திறந்து கிடக்கிறது.
விளக்கு
நான் பார்த்தேயிராத மஞ்சளில் எரிகிறது.

ஈரப் போர்வை மடியில் சொட்டச் சொட்டக்
கொஞ்ச நேரம் கோபப்பட்டேன்.
சும்மா விட்டால் திறக்குமென்றால்
பொத்தான் எதற்கு, பத்து விரல் எதற்கு,
காசு கொடுத்த நான் எதற்கு?
ஆனால் விளக்கு முதல் நாளே சொன்னது,
தொட்டால் மங்குவேன் என்று.
ஒவ்வொரு சாவிலும் சொன்னது.
காது கொடுக்காதது நான்.
அதை ஒத்துக்கொள்ள
துணியை மறுபடி பிழிந்து போடும்வரை ஆயிற்று.

உள்ளே இன்னும் போகவில்லை.

திங்கட்கிழமை கண் சிவந்து வந்தான் அன்பநாதன்.
நூற்றுமுப்பதாவது வரிசை என்றான்.
நீ எங்கே இருக்கிறாய் என்றான்.
டோல் பூரியை ஒரு வாய் பெரிதாகக் கடித்துப்
பதிலைத் தள்ளிப்போட்டேன்.
சொல்லிவிட்டால் அது அவன் திறந்த கதவாகாது.
சொல்லாவிட்டால், நூற்றுமுப்பத்தொன்று.

மென்று விழுங்கிவிட்டுக் கேட்டேன்:
"உங்கள் வக்வாவில் மழை எப்படி?
துணி ஏதாவது
காயப்போட்டிருக்கிறாயா?"